இரண்டு தொலைநோக்கிப் படங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, உதவி தேவை

மலைவானம்:
வணக்கம். ஓரியன் விண்மீன் கூட்டத்தில் குதிரைத் தலை போலத் தெரியும் இருண்ட தூசி மேகமான குதிரைத்தலை நெபுலாவை இரண்டு தொலைநோக்கிகளில் படம் எடுத்தேன். பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தனித்தனியாக ஸ்டாக் செய்தால் இரண்டுமே நன்றாக வருகின்றன. ஒன்றாகச் சேர்க்கப் போனால் பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் நட்சத்திரங்களை வைத்துப் படங்களைப் பொருத்தும் ஸ்டார் அலைன்மென்ட் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். கொஞ்சம் அவசரம்.

நள்ளிரவு72:
என்ன தொலைநோக்கி, குவியத் தூரம் எவ்வளவு, என்ன கேமரா? எதுவுமே சொல்லவில்லையே.

விண்மீன்பித்தன்:
ஃப்ளாட்டை (தூசி நிழலை நீக்க எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) பாருங்கள். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் ஆனது. தூசி வளையங்களை நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டுவிடும்.

மலைவானம்:
மன்னிக்கவும். ஒன்று 8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி), 1000 மிமீ, மோனோ (கறுப்பு வெள்ளை) கேமரா, 3.8 மைக்ரான் பிக்சல், எச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடும்) ஃபில்டர். இன்னொன்று 72 மிமீ ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), 430 மிமீ, சாதாரண டிஎஸ்எல்ஆர், 3.7 மைக்ரான். ஃப்ளாட் இரண்டுக்கும் தனித்தனியாக எடுத்ததுதான்.

சப்தரிஷி:
தம்பி, இது பாலபாடம். 206.265-ஐப் பிக்சல் அளவால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் பிடிக்கும் வானத்தின் கோண அளவு வரும்: ஒன்று பிக்சலுக்கு 0.78 ஆர்க்செகண்ட் (பாகையில் 3600-ல் ஒரு பங்கு), மற்றது 1.77. நியூட்டோனியன் படத்தை முதலில் சுருக்குங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டு தொலைநோக்கியில் இறங்கியிருக்கவே கூடாது.

கார்த்திகை6:
சார், இரண்டேகால் மடங்கு வித்தியாசத்தை மென்பொருளே சரி செய்துகொள்ளும். சுருக்கினால் எச்-ஆல்ஃபாவில் கிடைத்த நுணுக்கமெல்லாம் போய்விடும். டிஎஸ்எல்ஆர் எடுத்த வண்ணப் படத்தைப் பெரிதாக்குவதே முறை.

சப்தரிஷி:
காற்று அலைவதால் நட்சத்திரம் பரவித் தெரியும்; நம் ஊர்க் காற்றில் அந்தப் பரவல் 3 ஆர்க்செகண்டாகக் கிடைத்தாலே பெரிது. அதில் 8 அங்குலம் என்ன நுணுக்கத்தைத் தந்துவிடும்?

கார்த்திகை6:
ஜவ்வாது மலையில் தை மாதத்தில் எனக்கு 2 கிடைத்திருக்கிறது. 8 அங்குலத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். 1888-ல் ஹார்வர்டில் வில்லியமினா ஃபிளெமிங் இந்தக் குதிரைத்தலையைக் கண்டுபிடித்ததே 8 அங்குலத் தொலைநோக்கி எடுத்த கண்ணாடித் தட்டில்தான். வண்ணம் சற்று மங்கலாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ஒளிர்வில்தான் கூர்மை வேண்டும்.

சப்தரிஷி:
மலைவானம் மலையில் எடுத்தாரா, மொட்டைமாடியில் எடுத்தாரா என்றே நமக்குத் தெரியாது.

நள்ளிரவு72:
அந்த வாதம் அப்புறம் இருக்கட்டும். மலைவானம், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச்-ஆல்ஃபாவை எப்படிச் சுழற்றினாலும் குதிரை எதிர்ப்பக்கம்தான் பார்க்கிறதா? நியூட்டோனியனில் இரண்டு கண்ணாடி இருப்பதால் பிம்பம் சுழலுமே தவிர இடம் வலம் மாறாது. ஆனால் சில மென்பொருள்கள் ஃபிட்ஸ் (வானியல் பட வகை) கோப்பின் வரிகளைக் கீழிருந்து மேலாக எழுதும், சில மேலிருந்து கீழாக எழுதும். அது மாறிப்போனால் படம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். ஸ்டார் அலைன்மென்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் பலகோண முறைக்கு அதை அடையாளம் காணத் தெரியாது. முக்கோண முறைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு படத்தை மேல்கீழாகத் திருப்பிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

விண்மீன்பித்தன்:
ஃப்ளாட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மலைவானம்:
ஆமாம், கண்ணாடிப் பிம்பம்தான்! திருப்பியதும் ஒரே ஓட்டத்தில் பொருந்திவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா.

கார்த்திகை6:
மகிழ்ச்சி. எதை எதோடு பொருத்தினீர்கள், சுருக்கினீர்களா பெரிதாக்கினீர்களா? குதிரைத்தலைக்குப் பக்கத்திலுள்ள அல்நிதாக் நட்சத்திரத்தைச் சுற்றிய பகுதியை மட்டும் வெட்டிப் போட்டால் போதும்.

கார்த்திகை6:
மலைவானம், இருக்கிறீர்களா?