ஊசி போட்டால் அடங்குகிறது, ஆறு வாரத்தில் திரும்புகிறது: பூனையின் அரிப்புக்கு என்னதான் வழி?

மாடிவீட்டு மல்லி:
எங்கள் பொன்னிக்கு நாலு வயது. மூன்று நிறப் பூனை. மயிலாப்பூரில் இரண்டாம் மாடி வீடு, பால்கனியைத் தாண்டி வெளியே போனதே இல்லை. போன தீபாவளி கழிந்து அடிவயிற்றை நக்க ஆரம்பித்தாள். இப்போது வயிற்றிலிருந்து பின்தொடை வரை முடியே இல்லை, வெறும் தோல். முதுகைத் தடவினால் ரவை ரவையாகப் பொருக்கு கையில் தட்டுகிறது. மூக்குத் தண்டின் மேலும் ஒரு சின்னப் புண். மருத்துவர் பார்த்தவுடன் அலர்ஜி என்றார், ஊசி போட்டார். மூன்றாம் நாளே அரிப்பு நின்றது. ஆறு வாரத்தில் திரும்பி வந்தது. ஏழு மாதத்தில் நாலு ஊசி ஆகிவிட்டது. எதனால் அலர்ஜி என்று கேட்டால், "எதனால வேணா இருக்கலாம்மா, வந்தா போட்டுக்கலாம்" என்கிறார். சீட்டில் மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட் என்று இருக்கிறது. ஆயுளுக்கும் இப்படியே போடலாமா? சாப்பாடு பெரும்பாலும் வேகவைத்த மீன், கொஞ்சம் கடைத்தீனி.

ஒன்பது பூனைக்காரர்:
போடலாம் அம்மா, பயப்படாதீர்கள். என் வீட்டில் ஒன்பது. அதில் சாம்பல் என்று ஒருவன், இதே கதைதான். ஐந்து வருடமாக வருடத்துக்கு ஐந்தாறு ஊசி. நன்றாகத் தின்கிறான், மதில் தாண்டுகிறான், தெருவில் சண்டைக்கும் போகிறான். மனிதர்களே எதனால் தும்முகிறோம் என்று தெரியாமல் வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறோம். பூனை தன் தோலைத் தானே கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நாம் காரணம் தேடிக்கொண்டிருப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

சீப்புக்காரி:
மல்லி, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து விட்டிருக்கிறீர்களா?

மாடிவீட்டு மல்லி:
இல்லையே அக்கா. ஒரு பூச்சியைக்கூட நான் பார்த்ததில்லை. வெளியேயும் போகாத பூனை.

சீப்புக்காரி:
எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னேன். ஒவ்வாமை உள்ள பூனையின் உடம்பில் தெள்ளைப் பார்ப்பதுதான் கஷ்டம். நாள் முழுக்க நக்கி, கடித்து, விழுங்கிவிடும். உறுத்துவது பூச்சி ஊர்வதல்ல, அதன் எச்சில். ஒத்துக்கொள்ளாத பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும், உடம்பு முழுக்க நமைச்சல் எடுக்கும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பு வாங்கி, வால் தொடங்கும் இடத்திலும் பிடரியிலும் பத்து நிமிடம் வாருங்கள். சீப்பில் வருவதை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துணுக்கு இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அதைச் சுற்றித் துருப்பிடித்த சிவப்பில் ஈரம் பரவினால் அது மண் அல்ல, தெள்ளின் கழிவு. அதாவது செரித்த ரத்தம், உங்கள் பொன்னியுடையது.

வெளியே போகாத பூனை என்பதெல்லாம் கணக்கில் வராது. நம் செருப்பு, பக்கத்து வீட்டு நாய், மாடிப்படியில் படுக்கும் தெருப்பூனை, எதிலும் வரும். பூனையின் மேல் இருப்பது மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம். மிச்சம் 95 முட்டையும் புழுவும் கூடுமாகச் சோபா இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் தொடாது, மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் ஒரு தடவை மருந்து விட்டு, பதினைந்து நாளில் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் உள்ள எல்லாப் பிராணிக்கும், மாதா மாதம், குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும். அதற்கு முன்னால் வேறெதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

கைவைத்தியம்:
இவ்வளவு எதற்கு? வேப்பெண்ணெயில் மஞ்சளும் கொஞ்சம் கற்பூரமும் குழைத்துப் பூசுங்கள். ஒரே வாரம். எங்கள் வீட்டு மாட்டுக்கும் நாய்க்கும் இதுதான். ரசாயனத்தை ஏற்றி ஏற்றித்தான் இந்தக் காலத்துப் பூனைக்கெல்லாம் அலர்ஜி.

மருந்துக்கடை மணி:
ஐயா, தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். பிராணிகளுக்கான மருந்துக்கடையில் பதினொரு வருடம் நின்றவன் சொல்கிறேன். பூனை மாடும் அல்ல, சின்ன நாயும் அல்ல. சில பொருள்களை உடைத்து வெளியேற்றும் வசதி அதன் கல்லீரலில் மிகக் குறைவு. நமக்குச் சாதாரணமான ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பூசியது தோலோடு நிற்காது, அரை மணியில் நக்கி வயிற்றுக்குள் அனுப்பிவிடும். கற்பூரம் நேரடி விஷம். வேப்பெண்ணெய் பூசி, வாயில் நுரை தள்ளி, கால் தள்ளாடி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பூனைகளை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நாய்க்கான சொட்டு மருந்து மலிவு என்று வாங்கிப் பாதி விடுவார்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கம், வலிப்பு, சில நேரம் சாவு. அட்டையில் பூனைப் படம் இருக்கிறதா, எத்தனை கிலோவுக்கு என்று பார்த்து, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஃபிப்ரோனிலோ செலாமெக்டினோ, பூனை அளவில் வருவது. பிடரியில் முடியை விலக்கித் தோலில் விட வேண்டும், அங்கேதான் நாக்கு எட்டாது.

கைவைத்தியம்:
எங்கள் பாட்டி காலத்தில் பூனை செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மருந்துக்கடை மணி:
பாட்டி காலத்தில் பூனை காணாமல்போனால் "எங்கேயோ போய்விட்டது" என்று விட்டுவிடுவோம் ஐயா. எதனால் செத்தது என்று யார் பார்த்தார்கள்?

தீனி மாற்றியவன்:
தெள்ளுதான் என்று சீப்புக்காரி அக்கா அடித்துச் சொல்வதை நான் ஏற்கவில்லை. என் முத்துவுக்கு மூன்று மாதம் தவறாமல் சொட்டு மருந்து விட்டேன், காதோரமும் கழுத்தும் ரத்தம் வரச் சொறிவது நிற்கவில்லை. கடைசியில் காரணம் மீன்.

சிரிக்காதீர்கள். பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று நானும் கேட்டேன். உணவு ஒவ்வாமை உள்ள பூனைகளில் அதிகம் அகப்படுபவை மாடு, மீன், கோழி. தினமும் தின்பதுதான் ஒத்துக்கொள்ளாமல் போகும், தின்னாததற்கு உடம்பு எப்படிச் சண்டை போடும்? "நாலு வருடமாக இதைத்தானே தின்கிறாள்" என்பது இங்கே வாதமே அல்ல.

ரத்தப் பரிசோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள், உணவு விஷயத்தில் அதை நம்ப முடியாது. ஒரே வழிதான்: இதுவரை தின்னாத ஒரே ஒரு இறைச்சி, எட்டு வாரம். முத்துவுக்கு முயல் கொடுத்தேன். வேறு ஒரு துணுக்கும் கூடாது. பால் கூடாது, இறைச்சி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரை கூடாது. ஆறாம் வாரம் சொறிவது பாதியானது, எட்டில் நின்றது. பிறகு வேண்டுமென்றே ஒரு துண்டு சங்கரா கொடுத்தேன். நாலாம் நாள் காது மறுபடி சிவந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு எச்சரிக்கை: வீட்டில் வேகவைத்த வெறும் இறைச்சி சோதனைக் காலத்துக்கு மட்டும்தான், அதுவும் வளர்ந்த, வேறு நோயில்லாத பூனைக்கு. அதையே நிரந்தரமாக்கினால் டாரின் என்ற சத்து போதாமல் இதயமும் கண்ணும், சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பும் கெடும்.

ஒன்பது பூனைக்காரர்:
தம்பி, நீங்கள் ஒரு பூனையோடு தனியாக இருப்பவர் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் காலையில் மீன்காரம்மா கூடையை இறக்கினால் ஒன்பதும் வரிசை கட்டும். இதில் ஒருவனுக்கு மட்டும் முயல், எட்டு வாரம்! என் மனைவி சாம்பலைப் பார்த்து "உனக்கு மட்டும் என்னடா பத்தியம்" என்று சாளைத் தலையைப் போட்டுவிடுவாள். மதில் தாண்டினால் பக்கத்து வீட்டில் நெத்திலி. உங்கள் சோதனை முதல் நாளே தோற்றுவிடும். ஏட்டில் எழுதுவதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

தீனி மாற்றியவன்:
சார், உங்கள் வீட்டில் முடியாது என்பது சரி. மல்லி வீட்டில் ஒரே பூனை, வெளியே போகாதது. அங்கே ஏன் முடியாது?

சீப்புக்காரி:
தம்பி சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. வரிசை என்று ஒன்று இருக்கிறது. தெள்ளு மருந்தையும் புதுத் தீனியையும் ஒரே நாளில் ஆரம்பித்தால், குணமானது எதனால் என்று எப்படித் தெரியும்?

தீனி மாற்றியவன்:
பழைய தீனியைத் திரும்பக் கொடுத்தால் தெரிந்துவிடும் அக்கா. அரிப்பு வந்தால் தீனி, வராவிட்டால் தெள்ளு. உங்கள் வரிசைப்படி போனால் பூனை ஐந்து மாதம் சொறிய வேண்டும்.

சீப்புக்காரி:
சரி, அது நியாயம். ஆனால் ஒன்பது பூனைக்காரர் அண்ணன் சொல்வதை மட்டும் விட மாட்டேன். மல்லி சொல்லும் ஊசி மெதுவாகக் கரையும் ஸ்டீராய்டு. ஒருமுறை உள்ளே போனால் வாரக்கணக்கில் இருக்கும், நடுவில் ஏதாவது ஆனால் திரும்ப எடுக்க முடியாது. அடிக்கடி போட்டால் சர்க்கரை நோய் வரலாம், உள்ளுக்குள் இதயக் கோளாறு இருக்கும் பூனைக்கு அது வெளிப்பட்டு மூச்சு முட்டும். ஸ்டீராய்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டியபோது பிரெட்னிசோலோன் மாத்திரையாகக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொண்டுவரலாம். தெள்ளும் இல்லை, தீனியும் இல்லை, தூசிச்சிற்றுண்ணி மாதிரி ஏதோ என்று ஆனால், நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து இருக்கிறது. இன்னொரு சங்கதி, ஊசி வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் தீனியையோ தெள்ளு மருந்தையோ சோதித்தால் விடை பொய்யாக வரலாம்.

ஒன்பது பூனைக்காரர்:
மாத்திரையாமே. சாம்பலின் வாயைத் திறந்து ஒரு மாத்திரையைப் போட்டுக் காட்டுங்கள், என் மிச்ச எட்டையும் உங்கள் பேருக்கு எழுதி வைக்கிறேன். என் முழங்கையில் இருக்கும் தழும்புகள் அந்த முயற்சியில் வந்தவை. உணவில் கலந்தால் மீனை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் சுத்தமாக வைத்துவிட்டுப் போகிறான். பக்க விளைவு வரலாம் என்கிறீர்கள், ஐந்து வருடமாக வரவில்லையே.

சீப்புக்காரி:
ஐந்து வருடத்தில் ஒருமுறையாவது ரத்தத்தில் சர்க்கரை பார்த்தீர்களா அண்ணா?

நிலாப்பூனை:
வீட்டில் குழந்தை பிறந்ததா, வீடு மாறினீர்களா? மன அழுத்தத்தில் பூனைகள் வயிற்றை நக்கி முடியைக் கொட்டும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

தீனி மாற்றியவன்:
அது கடைசியில் பார்க்க வேண்டிய பட்டியல். மன அழுத்தம் என்று அனுப்பப்பட்ட 21 பூனைகளை முழுதாக ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. 16 பூனைகளுக்கு உடல்ரீதியான காரணம்தான் அகப்பட்டது, பெரும்பாலும் ஒவ்வாமை. வெறும் மன அழுத்தம் என்று தேறியவை இரண்டே.

மருந்துக்கடை மணி:
எல்லாரும் அலர்ஜி என்றே பேசுகிறீர்கள். மல்லி, வீட்டில் யாருக்காவது கையில் வட்டமாகத் தடிப்பு, நமைச்சல் இருக்கிறதா? படர்தாமரை பூனைக்கும் வரும், அதிலிருந்து நமக்கும் தொற்றும். அதன் மேல் ஸ்டீராய்டு போட்டால் பரவத்தான் செய்யும். தோலைச் சுரண்டிச் சிரங்குப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாலு ஊசி போட்டவர் ஒரு முடியையாவது பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தாரா? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், அங்கே இதெல்லாம் பார்ப்பார்கள்.

மாடிவீட்டு மல்லி:
பார்க்கவில்லை. வீட்டில் யாருக்கும் தடிப்பு இல்லை. அக்கா சொன்னபடி சீப்பு வாங்கி வந்து நேற்று இரவு வாரினேன். முதல் மூன்று இழுப்பில் வெறும் முடி. நாலாவதில் கடுகின் கால்வாசி அளவில் ஐந்தாறு துணுக்கு. டிஷ்யூவில் தட்டி, இதென்ன தூசிதானே என்று மடிக்கப் போனேன். ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு வளையம் பரவிக்கொண்டிருந்தது. என் அம்மாதான் முதலில் பார்த்தார். வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. சனிக்கிழமை வேப்பேரி போகிறோம்.

மாடிவீட்டு மல்லி (பத்து வாரம் கழித்து):
கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பூஞ்சை இல்லை, சிரங்குப் பூச்சி இல்லை. பூனைக்கான சொட்டு மருந்து மூன்று தவணை முடிந்தது. ஐந்தாவது ஊசி போடவில்லை. முதல் மூன்று வாரம் மோசம், கழுத்தில் கூம்பு மாட்டி வைத்திருந்தோம், சுவரில் மோதிக்கொண்டே நடந்தாள். சோபாவை வெயிலில் போட்டேன், பாய்களை உதறினேன், கட்டிலுக்கு அடியில் தினமும் பெருக்கினேன். இப்போது முதுகில் பொருக்கு ஒன்றுமில்லை. வயிற்றில் முதலில் மழித்த தாடி மாதிரி குறுகுறுவென்று முளைத்தது, இப்போது வெல்வெட். மீனை நிறுத்தவில்லை, தம்பி மன்னிக்கணும். ஆனால் மூக்குத் தண்டுப் புண் மட்டும் அப்படியே இருக்கிறது, காது நுனியிலும் புதிதாக ஒன்று.

தீனி மாற்றியவன்:
மன்னிப்பெல்லாம் வேண்டாம், பொன்னிக்குச் சரியானால் போதும். சாயங்காலம் பால்கனியில் படுப்பாளா? மூக்குத் தண்டு, காது நுனி என்றால் கொசுக்கடி ஒவ்வாமையாகவும் இருக்கலாம். முடி குறைந்த இடமாகப் பார்த்துத்தான் கடிக்கும். இரண்டு மூன்று வாரம் பொழுது சாயும் முன்னே உள்ளே விட்டுக் கதவைச் சாத்திப் பாருங்கள். ஆறினால் பால்கனிக்கு வலை அடியுங்கள். ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மாடிவீட்டு மல்லி:
அவளுக்கு அதுதான் சிம்மாசனம். ஆறு மணிக்குத் துளசித் தொட்டிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். சரி, வலைக்காரரைக் கூப்பிடுகிறேன்.

ஒன்பது பூனைக்காரர்:
பொன்னிக்குச் சந்தோஷம். சாம்பலுக்கு வியாழக்கிழமை ஊசி. போடத்தான் போகிறேன், ஒன்பது பேருக்கும் மூன்று மாதம் சொட்டு மருந்து விட என் பென்ஷன் தாங்காது. ஆனால் அதற்கு முன்னால் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாதமாகத் தண்ணீர்ச் சட்டி சீக்கிரம் காலியாகிறது, வெயிலுக்கு என்று நினைத்திருந்தேன்.