முழங்காலுக்குள் நகரும் துண்டு: எடுத்தவர்கள் சொல்லுங்களேன்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து அண்ணன்மாரே, அக்காமாரே, முட்டிக்குள் எலும்புத் துண்டோ குருத்தெலும்புத் துண்டோ நகர்ந்து ஆபரேஷன் செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எங்கள் அப்பாவுக்காகக் கேட்கிறேன். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வலை இழுக்கும்போது முட்டி பூட்டிக்கொள்கிறது. காலை உதறினால்தான் விடுகிறது.

எக்ஸ்ரேயில் ஒரு துண்டு தெரிகிறது. வெறும் குருத்தெலும்புத் துண்டு என்றால் அதில் தெரியாது, எலும்போ சுண்ணாம்போ சேர்ந்திருக்க வேண்டும். வேறு துண்டுகளும் இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஆச்சரியம், ரத்த ஓட்டமே இல்லாத துண்டு வளரவும் செய்யுமாம். உள்ளே இருக்கும் எலும்பு செத்துவிடும். ஆனால் குருத்தெலும்பு செல்கள் மூட்டு நீரிலேயே ஊட்டம் எடுத்துப் பிழைக்கும். அடுக்கடுக்காக மேலே படியும், நம்ம கடல் முத்து மாதிரி. எண்ணெய் போட்டு நீவினால் கரையும் என்று அப்பா நம்புகிறார். கரையாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலேயே துளை போட்டு எடுக்கிறார்களா, மதுரைக்குத்தான் போகணுமா? முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா? அப்புறம், எத்தனை நாளில் திரும்பக் கடலுக்குப் போனீர்கள்? மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதற்குள் முடிந்தால் தொழில் கெடாது.