ஹட்டன் குளிரில் கிட்டாரோடு மவுத் ஓர்கன்: எந்தக் கீ, எந்த ஹோல்டர்?

கேள்வி: கிட்டாரில் வாசிப்பது பெரும்பாலும் ஜி, சி கீ (சுருதி) பாட்டுகள். கையில் 24 துளை ட்ரெமோலோ (ஒலி அலையடிக்கும் நீளமான மவுத் ஓர்கன்) இருக்கு. கழுத்து ஹோல்டரில் மாட்டலாமா, புதுசு வாங்கணுமா?

பதில் 1: மாட்டாதீங்க தம்பி. சாதாரண ஹோல்டர் 10 துளை டயட்டோனிக்குக்கு (ஒரே கீக்கான சின்ன மவுத் ஓர்கன்), அதாவது சுமார் 10 செ.மீ நீளத்துக்குச் செய்தது. ட்ரெமோலோவில் சுரத்தை வளைக்கவும் (மூச்சால் சுரத்தை இறக்கவும்) வராது. முதலில் சி கீ ஒன்று போதும். சி பாட்டுக்கு நேராக வாசிக்கலாம். ஜி பாட்டுக்கும் அதே சிதான்: 2ஆம் துளையை உள்ளிழுத்தால் ஜி வரும், அதை வீடாக (அடிப்படைச் சுரமாக) வைத்து வாசிங்க. நிறையப் பேர் சறுக்குவது கேப்போவில் (கிட்டார் கழுத்தில் தந்திகளை அழுத்தும் கிளிப்). 2ஆம் கட்டத்தில் கேப்போ போட்டு ஜி வடிவம் பிடித்தால் ஒலிப்பது ஏ. அதுக்கு ஏ அல்லது டி கீ ஓர்கன் வேணும்.

பதில் 2: மலைநாட்டு ஈரத்துக்கு மரச் சீப்பு (துளைகள் உள்ள நடுப்பகுதி) வேணாம், ஈரத்தில் உப்பி உதட்டைக் கிழிக்கும். ஹோனர் ஸ்பெஷல் 20 மாதிரி பிளாஸ்டிக் சீப்பு நல்லது. குளிர்ந்த ரீடில் (அதிர்ந்து ஒலி தரும் உலோகத் தகடு) மூச்சின் ஈரம் படிந்து சுரம் அடைக்கும். வாசிக்க முன் ஐந்து நிமிஷம் சட்டைப்பைக்குள் வைங்க. முடிந்ததும் துளைகள் கீழே பார்க்க, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்க.

பதில் 3: ஹோல்டரில் கவனிக்க வேண்டியது காது நட்டுகள் (விரலால் திருகும் இரு காதுள்ள நட்டுகள்). நடுப்பாட்டில் தளர்ந்து ஓர்கன் கீழே சாயும். ரப்பர் வாஷர் ஒன்று போட்டா நிற்கும். 4ஆம் துளை வாய்க்கு நேராக இருக்கணும். கழுத்தை நீட்டிப் போய்த் தேடக் கூடாது.