தனியா இருக்கும்போது தொண்டை அடைச்சா என்ன செய்யணும்?

கேள்வி: தோட்டத்துச் சாளையில் தனியாகத் தங்குபவருக்குக் கறித்துண்டு தொண்டையில் அடைத்துக்கொண்டால்? கூப்பிடு தூரத்தில் ஆளே இல்லை. தண்ணீர் குடித்தால் இறங்கிவிடுமா?

பதில் 1: தண்ணீர் கூடவே கூடாது. அடைபட்டிருப்பது மூச்சுக்குழாய், உணவுக்குழாய் இல்லை. இரும முடிகிற வரை பலமாக இருமிக்கொண்டே இருங்கள். சத்தமே வரவில்லை என்றால் காற்று போகவில்லை. உடனே ஒரு கையை மூடி, கட்டைவிரல் பக்கம் வயிற்றில் படும்படி தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக வெடுக்கென்று குத்துங்கள். விலா எலும்பில் படக்கூடாது.

பதில் 2: சொந்தக் கையில் அவ்வளவு வலு வராதுங்க. மர நாற்காலியோட முதுகு, மேசை விளிம்பு, தொட்டிச் சுவர்னு இடுப்பு உயரத்துல எது கிடைச்சாலும் அதே இடத்தை அதுல வச்சு, உடம்பு எடையோட சட்டுனு சாயணும். வெளியே வர்ற வரை திரும்பத் திரும்ப. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கி ஓடிடும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீங்க, இன்னும் உள்ளே போயிடும்.

பதில் 3: 108ஐ அழுத்தி ஸ்பீக்கரில் போடுங்கள்; பேச்சு வராவிட்டாலும் லைனைத் துண்டிக்காதீர்கள். அதற்காகக் குத்துவதைத் தள்ளிப்போட வேண்டாம், சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். துண்டு வெளியே வந்தபின்னும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்: குத்தியதில் உள்ளுறுப்பு காயப்பட்டிருக்கலாம்.