பிஈ முடிச்சுட்டு யூஐ டிசைன் படிக்கப் போலாமுங்களா?

ஈரோட்டுப் பையன்:
வணக்கமுங்க. கோயமுத்தூர்ல பிஈ கம்ப்யூட்டர் கடைசி வருசம். கோடிங்கை விட ஸ்கிரீன் டிசைன் பண்றதுதான் புடிச்சிருக்குது, ஆனா வரைய வராதுங்க. டிசைன் மேல்படிப்பு எம்.டெஸ் போலாமுங்களா, வேலைக்கே போயிறட்டுங்களா?

பல்லடம் அக்கா:
வரைய வரலைன்னு விட்றாத தம்பி. ஐஐடி மாதிரி எடத்துல எம்.டெஸ் சேர ஐஐடி பாம்பே நடத்துற சீடுங்கற (CEED) நுழைவு எக்ஸாம் எழுதோணும், ஜனவரில வரும், வரையறதும் உண்டு, தினம் பழகுனா கை வந்துரும். எனக்கு பாடம் புரிஞ்சதே எங்க அம்மாயிகிட்டதான். பட்டன் சின்னதா தூரமா இருந்தா விரல் போய்ச் சேர நேரமாகும்னு 1954லயே ஃபிட்ஸ்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் சொன்ன விதில இருந்து தெரிஞ்சுக்கலாம், நானும் பரீட்சைல எழுதுனேன், ஆனா என்ற ஆப்பை மஞ்சள் காயப்போட்டுட்டு இருந்த அம்மாயிகிட்ட குடுத்தா காப்புக்காச்சுன விரலு மூலைல இருந்த பட்டன்ல படவே இல்ல, நாலு தடவ அமுக்கிட்டு "எனக்கு வராது கண்ணு"ன்னு போனை திருப்பிக் குடுத்துருச்சு. மனசே கேக்கல. அன்னிக்கே பட்டனை பெருசாக்கி கட்டைவெரலு எட்டுற எடத்துக்கு கொண்டாந்தேன்.

திருப்பூர்க்காரன்:
சீடுக்கு வயசு வரம்பு இல்லீங்க, ரெண்டு வருசம் வேலை பாத்துட்டும் எழுதலாம். போர்ட்ஃபோலியோல, அதாவது நீங்க செஞ்ச டிசைனைத் தொகுத்துக் காட்டுறதுல, அழகான ஸ்கிரீன் மட்டும் வெக்காதீங்க. ஆப், வெப்சைட் பயன்படுத்த எளிதா இருக்குதான்னு ஆராயற நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொல்ற மாதிரி உங்க டிசைனை அஞ்சு பேருகிட்ட குடுத்து, எங்க தடுமாறுனாங்க, என்ன மாத்துனீங்கன்னு எழுதுங்க, அதுதான் முக்கியம்.

ஈரோட்டுப் பையன்:
ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. இன்னிக்கே எங்க அப்பாருகிட்ட என்ற ப்ராஜெக்டை குடுத்துப் பாக்கறனுங்க.