பாட்டு முழுவதையும் 2 செமிடோன் (அரைச்சுரப் படி) ஏற்ற வேண்டும்: நோட்டுகளை ஒவ்வொன்றாக இழுக்காமல் வழி உண்டா?

நள்ளிரவுமெட்டு:
பாட்டு முழுக்க சி மேஜரில் அரேஞ்ச் செய்து முடித்தாயிற்று. பாடப்போகிறவர் இப்போது டி மேஜர்தான் குரலுக்கு வசதி என்கிறார். ஏபிள்டன் லைவ் 12 என்ற இசை மென்பொருள் வைத்திருக்கிறேன். மிடி டிராக்குகள் (ஒலியாக இல்லாமல் நோட்டு எண்களாகப் பதிந்தவை) இருபதுக்குக் கொஞ்சம் குறைவு, ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட கிளிப்புகள் (நோட்டுத் துண்டுகள்). ஒவ்வொரு கிளிப்பாகத் திறந்து, மவுஸால் பெட்டி போட்டு, நோட்டுகளை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறேன். பாதி நேரம் அவை பக்கவாட்டிலும் நகர்ந்து டைமிங் கெட்டுவிடுகிறது.

இது போதாதென்று இரண்டு விநோதங்கள். டிரம்ஸ் கிளிப்பை ஏற்றியதும் கிக் வர வேண்டிய இடத்தில் ஸ்னேர் அடிக்கிறது. வயலினில் நீட்டி வாசித்த இடமெல்லாம் பிஸிகாட்டோ (நரம்பைச் சுண்டி வாசிப்பது) ஆகிவிட்டது. வேகமான வழி எது? இந்த இரண்டும் ஏன் நடக்கின்றன?

விரல்நுனி:
முதலில் மவுஸை விடுங்கள். கிளிப்பைத் திறந்து கண்ட்ரோல்+ஏ (மேக் என்றால் கமாண்ட்+ஏ), பிறகு மேல் அம்புக்குறியை இரண்டு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு செமிடோன். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு தட்டினால் ஒரு ஆக்டேவ் முழுதாக நகரும். பக்கவாட்டில் நகரும் பேச்சே இல்லை.

பல கிளிப்புகளை அரேஞ்ச்மென்ட்டில் ஒன்றாக செலக்ட் செய்தால் எல்லாம் ஒரே எடிட்டரில் தெரியும். அங்கே ஃபோகஸ் பொத்தானை அணைத்துவிட்டால் எல்லாக் கிளிப்பின் நோட்டுகளையும் சேர்த்துப் பிடித்து ஏற்றலாம்.

பழையசிந்த்:
அதுவும் சரிதான். ஆனால் என்னைக் கேட்டால் நோட்டுகளைத் தொடவே கூடாது. பாடுகிறவர் நாளைக்கே "இன்னும் அரை ஏற்றலாமா" என்பார், அடுத்த நாள் பழையதே நன்றாக இருந்தது என்பார். ஒவ்வொரு முறையும் கிளிப்புகளை மாற்றி எழுதிக்கொண்டிருந்தால், எதை ஏற்றினோம், எதை விட்டோம் என்ற கணக்கு கண்டிப்பாகத் தப்பும்.

லைவில் பிட்ச் என்று ஒரு மிடி எஃபெக்ட் இருக்கிறது. அதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முன்னால் போட்டு +2 வையுங்கள். கிளிப்பில் எழுதியது சி-யாகவே இருக்கும், வாத்தியத்துக்குப் போவது டி. வேண்டாமென்றால் எஃபெக்ட்டை அணைத்தால் போதும்.

மிடி டிராக்குகளை குரூப் செய்து, அந்த குரூப்பின் மேல் ஒரே ஒரு பிட்ச் போட முடியுமா என்று தோன்றும். முடியாது. குரூப் டிராக்குக்கு வந்து சேர்வது ஆடியோ. அதற்கு மாற்று, கீபோர்டிலோ கன்ட்ரோலரிலோ உள்ள ஒரு குமிழை எல்லா பிட்ச் எஃபெக்ட்டுகளுக்கும் மிடி மேப் செய்துவிடுவது. ஒரே குமிழ் எத்தனை இடத்தையும் திருப்பும். திருப்பும்போது பாட்டை நிறுத்திவிடுங்கள். நோட் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே சுருதியை மாற்றுவது எந்த மென்பொருளிலும் நல்ல பழக்கம் இல்லை, சில இடங்களில் நோட் விடாமல் ஒலித்துக்கொண்டே நிற்கும்.

இன்னொன்று. லைவ் 12-இல் பிட்ச் எஃபெக்ட்டை கிளிப்பின் ஸ்கேலைப் பின்பற்றச் சொல்லும் பொத்தான் உண்டு. அது ஆனில் இருந்தால் +2 என்பது செமிடோன் கணக்கு ஆகாது, ஸ்கேலில் இரண்டு படி. சி மேஜரில் சி போய் ஈ-யில் நிற்கும். மேல் குரலில் ஹார்மனி சேர்க்க அருமையான வசதி. உங்கள் வேலைக்கு அதை அணைத்து வையுங்கள்.

தாளப்பித்து:
டிரம்ஸுக்கு விடை நான் சொல்கிறேன். மிடியில் டிரம்ஸ் நோட்டுக்கு சுருதி கிடையாது, எண் எந்தக் கருவியை அடிப்பது என்று மட்டும் சொல்லும். ஜெனரல் மிடி வரிசையில் 36 கிக், 38 ஸ்னேர். 36-ஐ இரண்டு ஏற்றினால் 38! உங்கள் கிக் அச்சுப் பிசகாமல் ஸ்னேருக்குப் போயிருக்கிறது. 42-இல் இருக்கும் மூடிய ஹைஹாட்டும் 44-க்கு, அதாவது பெடல் ஹைஹாட்டுக்குப் போயிருக்கும், கேட்டுப் பாருங்கள். அண்டூ செய்துவிட்டு டிரம்ஸ் டிராக்கைத் தொடாமல் விடுங்கள்.

பழையசிந்த்:
வயலின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். சாம்பிள் லைப்ரரிகளில் (பதிவு செய்த வாத்திய ஒலித் தொகுப்புகள்) வாத்தியத்தின் வரம்புக்கு வெளியே சில கட்டைகளை, வாசிக்கும் முறையை மாற்றும் கீஸ்விட்சாக வைத்திருப்பார்கள். ஒன்றை அழுத்தினால் லெகாட்டோ (இழைத்து வாசிப்பது), இன்னொன்றை அழுத்தினால் பிஸிகாட்டோ. நீங்கள் எல்லாவற்றையும் பிடித்து ஏற்றியபோது அந்த ஸ்விட்ச் நோட்டும் சேர்ந்து ஏறிவிட்டது.

பிட்ச் எஃபெக்ட்டை அப்படியே போட்டாலும் இதே தொல்லை வரும். அதனால் வயலினுக்கு ஒரு மிடி எஃபெக்ட் ரேக் கட்டுங்கள். உள்ளே இரண்டு செயின். கீ ஜோனில் ஒரு செயினுக்கு கீஸ்விட்ச் இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் கொடுத்து, உள்ளே எதுவும் போடாதீர்கள். மற்றதற்கு அதற்கு மேலுள்ள பகுதி, அதில் பிட்ச் +2. ஸ்விட்ச் நோட்டுகள் இருந்த இடத்திலேயே நிற்கும், மெலடி மட்டும் ஏறும். ரேக்கை சேவ் செய்து வைத்தால் செல்லோவுக்கும் ஆகும், ஆனால் லைப்ரரிக்கு லைப்ரரி ஸ்விட்சின் இடம் மாறும், எல்லையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுமெட்டு:
அருமை. 36, 38 விஷயம் இப்போதுதான் புரிகிறது. பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் கோடுகள்) நிறைய வரைந்திருக்கிறேன், வளைவுகளெல்லாம் கெடுமா?

விரல்நுனி:
கெடாது. பெண்ட் என்பது ஒலிக்கும் நோட்டிலிருந்து எவ்வளவு விலகல் என்ற கணக்கு. நோட் எங்கே போனாலும் வளைவு கூடவே வரும்.

ஒற்றைஇயர்ஃபோன்:
குறுக்கே வருகிறேன். நான் லைவ் இல்லை, லாஜிக் என்ற வேறு மென்பொருள். இதே பிரச்சினைதான்.

பழையசிந்த்:
லாஜிக்கில் இன்னும் சுலபம். ரீஜனை (லைவில் கிளிப் போல) செலக்ட் செய்து, ரீஜன் இன்ஸ்பெக்டரில் டிரான்ஸ்போஸ் என்ற இடத்தில் +2. எத்தனை ரீஜனைப் பிடித்திருந்தாலும் ஒரே தடவையில் மாறும், உள்ளே நோட்டுகள் அப்படியே இருக்கும். டிரம்ஸ் டிராக்கின் இன்ஸ்பெக்டரில் நோ டிரான்ஸ்போஸை டிக் செய்துவிடுங்கள். நோட்டையே மாற்ற வேண்டுமென்றால் ஆப்ஷன்+மேல் அம்பு, ஆக்டேவுக்கு ஷிஃப்ட்டும் சேர்த்து.

கியூபேஸ் மென்பொருள்காரர்களுக்கு டிரான்ஸ்போஸ் டிராக் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அதில் ஒரு எண்ணைப் போட்டால் பிராஜெக்ட்டே ஏறும், டிரம்ஸ் பார்ட்டுகளுக்கு மட்டும் குளோபல் டிரான்ஸ்போஸை இன்டிபென்டென்ட் என்று மாற்றி வைக்க வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவில் பியானோ ரோலில் கண்ட்ரோல்+ஏ, பிறகு ஷிஃப்ட்+மேல் அம்பு, ஆக்டேவுக்கு கண்ட்ரோல்+மேல் அம்பு. அங்கே ஒரே பேட்டர்ன் பல இடத்தில் ஓடும், ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்பதால் பாட்டின் கடைசியில் மட்டும் ஸ்கேல் ஏற்றுகிறவர்கள் முதலில் பேட்டர்னைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டின் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். 60 என்ற அதே நோட் லைவில் சி3, எஃப்எல்-இல் சி5.

நள்ளிரவுமெட்டு:
பிட்ச் எஃபெக்ட் வழியில் போனேன். டிரம்ஸை விட்டுவிட்டேன், வயலினுக்கு ரேக், மற்றதெல்லாம் ஒரே குமிழில். மொத்தமும் டி-யில் சுத்தமாக வருகிறது. ஆனால் இரண்டு இடம் மட்டும் உறுத்துகிறது. ஒரு கிடார் லூப் பழைய சுருதியிலேயே ஓடுகிறது. அடியிலும் ஏதோ ஒட்டவில்லை, பேஸ் டிராக்கில் +2 சரியாகத்தான் இருக்கிறது.

தாளப்பித்து:
கிடார் லூப் ஆடியோ. மிடி எஃபெக்ட் அதைத் தொடாது. கிளிப்பில் வார்ப்பை (வேகத்தைத் தனியாகப் பிடித்து வைக்கும் வசதி) ஆன் செய்துவிட்டு டிரான்ஸ்போஸில் +2 வையுங்கள். வார்ப் இல்லாமல் ஏற்றினால் வேகமும் சேர்ந்து கூடிவிடும்.

அடியில் இடிப்பது, டிரம் ரேக்குக்குள் 808 (ஆழமாக நீளும் பேஸ் டிரம் ஒலி) வைத்திருக்கிறீர்களா? அதற்கு மட்டும் சுருதி உண்டு. டிரம்ஸ் டிராக்கைத் தொடாதீர்கள் என்று நாம் விட்டுவிட்டதால் அது இன்னும் சி-யிலேயே முழங்கிக்கொண்டிருக்கும். நோட்டை நகர்த்த வேண்டாம், அந்த பேடைத் திறந்து உள்ளே சிம்ப்ளரின் (அந்த ஒலியை வாசிக்கும் கருவி) டிரான்ஸ்போஸை மட்டும் +2 ஆக்குங்கள்.

நள்ளிரவுமெட்டு:
808-தான். சரியாகிவிட்டது, நன்றி.