விவாதத்துக்கு வராத பிரதமருக்கு ஓட்டு குறையுமா?

கேள்வி: 2017 மே 31, பிரிட்டன் தேர்தலுக்காகக் கேம்பிரிட்ஜில் பிபிசி விவாதம். எதிர்க்கட்சித் தலைவர் கோர்பின் வந்து நின்றார். பிரதமராக இருந்த தெரசா மே தன் அமைச்சர் ஆம்பர் ரட்டை அனுப்பிவிட்டார். டிவியில் பார்த்த எனக்கே எரிச்சல். அடுத்த வாரத் தேர்தலில் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை போனது இதனால்தானா?

பதில் 1: இதுவும் ஒன்று, அவ்வளவுதான். மே அறிவித்த முதியோர் பராமரிப்புச் செலவுத் திட்டம்தான் பெரிய அடி.

பதில் 2: 2019 நவம்பரில் சேனல் 4 நடத்திய பருவநிலை விவாதத்துக்கு அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் வரவில்லை. அவர் இடத்தில் பனிக்கட்டியில் செய்த பூமி உருண்டையை வைத்தார்கள், அது உருகிக்கொண்டே இருந்தது. அடுத்த மாதத் தேர்தலிலேயே அவருக்கு 80 இடப் பெரும்பான்மை! ஓட்டாவது, குறைவதாவது.

கேட்டவர்: சரி, முன்னணியில் இருப்பவருக்கு ஒளிவதுதான் லாபம் போல. கட்டாயப்படுத்தச் சட்டமும் இல்லை.

பதில் 2: சேனல் 4 விவாதத்தன்று ஜான்சனுக்குப் பதிலாக அவர் அமைச்சர் மைக்கேல் கோவ் ஸ்டூடியோவுக்கே வந்தார். கட்சித் தலைவர்களுக்கு மட்டும்தான் என்று அவரைச் சேர்க்கவில்லை. ஜான்சனின் கட்சி, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பில் புகார் கொடுத்தது, அதுவும் எடுபடவில்லை.